எல்லைகளைக் கடந்த இசை: சுவாதித் திருநாளின் வாழ்வும் தொலைந்த மெட்டுகளும்

பனச்சமூடு: கேரள - தமிழக எல்லையில் உள்ள பனச்சமூடு, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்கள், 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில மறுசீரமைப்பு நடைமுறைக்கு வரும் வரை இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துடன் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. இரு மொழிகளும் கலந்து புழங்கும் இந்த மண்ணை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள், மொழி எல்லைகளையும் இசை எல்லைகளையும் ஒருசேரக் கடந்த படைப்பாளியாக நினைவுகூரப்படுகிறார். ஆனால், அவர் எழுதிய சாகித்தியங்கள் நிலைத்த அளவுக்கு அவர் காலத்து மெட்டுகள் நிலைக்கவில்லை.

1813 ஏப்ரல் 16-ஆம் தேதி சுவாதி நட்சத்திரத்தில் பிறந்த இராம வர்மா, அந்த நட்சத்திரத்தின் பெயராலேயே அறியப்பட்டார். ஆண் வாரிசு இன்றி அரச குடும்பம் கவலையுற்றிருந்த வேளையில் பிறந்ததால், கருவிலேயே அரசரானவர் என்னும் பொருளில் கர்ப்ப ஸ்ரீமான் என அழைக்கப்பட்டார். இரண்டு வயதிலேயே தாய் கௌரி லட்சுமி பாயை இழந்தார். சிற்றன்னை கௌரி பார்வதி பாய் ஆட்சிப் பொறுப்பை ஏற்று அவரை வளர்த்தார். தஞ்சாவூரைச் சேர்ந்த சுப்பா ராவ் அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். 1829-ஆம் ஆண்டு, தமது 16-ஆம் வயதில், சுவாதித் திருநாள் ஆட்சிப் பொறுப்பை நேரடியாக ஏற்றார்.

புதியனவற்றை அஞ்சாமல் வரவேற்கும் இயல்பு அவரது நிர்வாகத்திலும் வெளிப்பட்டது. 1834-இல் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்கப்பட்டது. 1836-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெற்றது. 1837-இல் வானியல் ஆய்வகம் நிறுவப்பட்டு, ஜான் கால்டிகாட் அதன் இயக்குநராக நியமிக்கப்பட்டார். சுசீந்திரம் கோயிலில், குற்றம் சாட்டப்பட்டவரின் கையைக் கொதிக்கும் நெய்யில் இடச் செய்து உண்மையைச் சோதித்த கைமுக்கு வழக்கமும் அவரது ஆட்சியில் ஒழிக்கப்பட்டது.

இசையில் இத்துணிவு மேலும் தெளிவாகத் தெரிந்தது. தஞ்சை நால்வர் என்று புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்கள் அவரது அவையில் ஆதரிக்கப்பட்டனர். அவர்களுள் வடிவேலு, ஐரோப்பாவிலிருந்து வந்த வயலினைக் கர்நாடக இசைக்கு உரிய கருவியாக வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர். அக்கருவி தென்னக இசைக்குப் புதிதாக இருந்த அக்காலத்தில், 1834-இல் மன்னர் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். பாட்டுக் கச்சேரிகளில் வயலின் இன்று தவிர்க்க முடியாத பக்கவாத்தியமாக விளங்குகிறது.

மராட்டியம் உள்ளிட்ட பிற பகுதிகளைச் சேர்ந்த கலைஞர்களும் அந்த அவையில் இடம்பெற்றனர். இச்சூழலில் மன்னர் சமஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி ஆகிய மொழிகளில் சுமார் 400 உருப்படிகளை இயற்றினார். கீர்த்தனை, வர்ணம், பதம், தில்லானா, இராகமாலிகை ஆகிய தென்னக வடிவங்களோடு, துருபத், கயால், டப்பா ஆகிய வடஇந்திய வடிவங்களையும் அவர் கையாண்டார். அவர் இயற்றிய பதங்களும் வர்ணங்களும் மோகினியாட்டத்தின் அரங்கை விரிவாக்கின. பாடல்களில் எதுகையும் மோனையும் அமைய வேண்டிய முறை குறித்து இலக்கண நூல் ஒன்றையும் எழுதினார்.

அவரது இறுதிக் காலம் அமைதியாக அமையவில்லை. 1840-இல் ஆங்கிலேய ரெசிடென்டாகப் பொறுப்பேற்ற வில்லியம் கல்லன், நிர்வாகத்தில் தொடர்ந்து தலையிட்டார். அதிகாரம் கைநழுவியதை உணர்ந்த மன்னர் அரசுப் பணிகளிலிருந்து படிப்படியாக விலகி, வழிபாட்டிலும் இசையிலும் ஒதுங்கினார். 1846 டிசம்பரில், 33 வயதில் காலமானார்.

அவர் மறைந்த பின் அவையின் இசை வளம் மங்கியது. தியாகராஜருக்கு அமைந்தது போன்ற பரந்த சீடர் பரம்பரை அவருக்கு அமையவில்லை. சாகித்தியங்கள் ஏட்டிலும் பின்னர் அச்சிலும் தங்கின. அவற்றைப் பாடிய மெட்டுகளில் பல வழக்கொழிந்தன. திருவனந்தபுரத்தில் 1939-இல் தொடங்கப்பட்டு அவரது பெயரைத் தாங்கிய இசைக் கழகத்தின் முதல் முதல்வரான அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், அவரை அடுத்துப் பொறுப்பேற்ற செம்மங்குடி சீனிவாச ஐயரும் அப்பாடல்களைத் திரட்டினர். மெட்டு மறைந்த பாடல்களுக்குப் புதிய மெட்டு அமைத்து அவற்றை மேடையேற்றினர். சாவேரி இராகத்தில் அமைந்திருந்த இராமாயணக் கீர்த்தனையான பாவயாமி ரகுராமம், செம்மங்குடியின் கைவண்ணத்தில் இராகமாலிகையாக உருமாறியது. இன்று கச்சேரிகளில் பரவலாகக் கேட்கப்படுவது இந்த வடிவமே.

இந்த மீட்டெடுப்பு கேள்விகளையும் எழுப்பியது. இயற்றியவரின் இசை எது, பின்னர் வந்தோர் சேர்த்தது எது என்பதைப் பிரித்தறிவது கடினமாயிற்று. 1980-களில் வீணை வித்வான் எஸ்.பாலசந்தர், சுவாதித் திருநாள் என்ற வாக்கேயக்காரர் இருந்தாரா என்றே ஐயம் எழுப்பியது பெரும் விவாதமானது. அறிஞர்கள் அதற்கு மறுப்புத் தெரிவித்தனர். எனினும், மெட்டுகளின் மூலவடிவம் பற்றிய கேள்வியை அந்த விவாதம் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது.

அவரது இசை வழிபாட்டு மரபோடு பிணைந்து தொடரும் இடங்களுள் திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் உள்ள நவராத்திரி மண்டபம் முதன்மையானது. சங்கராபரணம் தொடங்கி ஆரபி வரை ஒன்பது இராகங்களில் அவர் இயற்றிய ஒன்பது சமஸ்கிருதக் கீர்த்தனைகள், நாளுக்கு ஒன்றாக இங்கே முதன்மை உருப்படியாகப் பாடப்படுகின்றன. தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் முல்லமூடு பாகவதர்களும் இதில் பங்கேற்கின்றனர். வழிபாடாகவே கருதப்படுவதால் இங்குக் கைதட்டலுக்கு இடமில்லை. இவ்விழாவுக்காகப் பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூர்த்திகள் குமரி மாவட்டத்திலிருந்து களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாக ஆண்டுதோறும் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்படுகின்றனர்.

கலைமகளுக்காகப் பாடப்படும் அந்த மண்டபத்தில் பெண்கள் பாட நெடுங்காலம் அனுமதி இருந்ததில்லை. 2006-ஆம் ஆண்டு அந்தத் தடை நீங்கியது. அங்கு முதன்முதலாகப் பாடிய பெண், ஊர்வலம் கடந்து செல்லும் பாறசாலையில் 1924-இல் பிறந்து, சுவாதித் திருநாள் இசைக் கழகத்தின் முதல் மாணவியாகப் பயின்ற பாறசாலை பி.பொன்னம்மாள். அப்போது அவருக்கு வயது 80-ஐக் கடந்திருந்தது. மன்னர் மறைந்து 160 ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், அவர் கடக்காது விட்ட ஓர் எல்லையை அவரது பாடல்களைப் பயின்ற எல்லையோரக் கிராமத்துப் பெண்மணி கடந்தார்.