ஆறுகளைப் பாடிய லாங்ஸ்டன் ஹியூஸ்

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞருள் தலையாயவராக மதிக்கப்பெறும் லாங்ஸ்டன் ஹியூஸ் மிசௌரி மாநிலத்து ஜாப்ளின் நகரில் 1901ஆம் ஆண்டு பிறந்தார். 1902 என்றே அவர் எழுதி வந்தார். பழைய செய்தித்தாள் குறிப்புகள் பின்னாளில் அதனைத் திருத்தின.

பெற்றோர் பிரிந்தமையால் பாட்டி மேரியே அவரைக் கான்சாஸில் வளர்த்தார். அடிமைமுறையை ஒழிக்க ஜான் பிரவுன் 1859இல் நடத்திய தாக்குதலில் உயிர்நீத்தவர் அம்மூதாட்டியின் முதற்கணவர். பேரன் கேட்டு வளர்ந்தவை விடுதலைக்குப் போராடியோரின் கதைகள். தந்தையோ நிறவெறிக்குத் தப்பி மெக்சிகோ சென்றவர். தம் இனத்தாரையே வெறுத்தவர். 1920இல் அத்தந்தையிடம் செல்லும் வழியில், புகைவண்டி மிசிசிப்பியைக் கடந்த வேளையில், ஆறுகளின் வழியே தம் இனத்தின் தொன்மையைப் பாடும் கவிதையைக் கடித உறையொன்றின் பின்புறத்தில் எழுதினார். வெறுப்பை நோக்கிய பயணத்தில் பிறந்த பெருமிதம் அது! டூபாய்ஸ் ஆசிரியராயிருந்த ‘கிரைசிஸ்’ 1921இல் அதனை வெளியிட்டது. பின்பு நூலில் சேர்த்தபோது ஹியூஸ் அதனை டூபாய்ஸுக்கே காணிக்கையாக்கினார்.

1926இல் ‘நேஷன்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தை எழுப்பியது. தம்மைக் கறுப்பினக் கவிஞரென்று அழையாது கவிஞரென்று மட்டுமே அழைக்க வேண்டுமென விரும்பிய இளங்கவிஞர் ஒருவரை முன்னிறுத்தி, அவ்விருப்பத்தின் அடியில் வெள்ளையராகும் ஏக்கமே மறைந்துள்ளது என வாதிட்டார். மறு ஆண்டு வந்த தொகுதியில் உழைப்பாளரும் குடிப்போரும் ஏமாற்றப்பட்ட பெண்டிரும் ‘புளூஸ்’ இசையின் நடையிலேயே பேசினர். கடுமையாகத் தாக்கியவை கறுப்பின இதழ்களே. இனத்தின் அழுக்கை வெள்ளையர்முன் விரித்துக் காட்டினார் என்பது குற்றச்சாட்டு. படித்தோரின் நாணம் அது. ஹியூஸ் அதற்குப் பணியவில்லை.

பணிந்தது வேறோரிடத்தில். 1953இல் மெக்கார்த்தியின் விசாரணைக் குழுமுன் நிறுத்தப்பட்டபோது தம் பழைய புரட்சிக் கவிதைகளை விலக்கிப் பேசினார்; எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. எனினும், புகழ்பெற்ற கறுப்பினத்தவரைப் பற்றி 1954இல் அவர் இளையோர்க்கு எழுதிய நூலில் டூபாய்ஸுக்கு இடமில்லை. அச்சம் சூழ்ந்த காலம் என்பது விளக்கமாகலாம். ஆயினும் ஆற்றுக் கவிதையின் காணிக்கையை அறிந்தோர்க்கு அவ்விடுபாடு உறுத்தவே செய்யும்.

1967 மே 22இல் நியூயார்க்கில் மறைந்தார். ஹார்லெமிலுள்ள ஷோம்பர்க் ஆய்வு மையத்தின் தளத்தின்கீழ் 1991இல் அவரது சாம்பல் வைக்கப்பட்டது. அத்தளத்தில் ஆறுகள் வரையப்பட்டுள்ளன.