இந்தியாவில் சீன மொழிக்கு வீடு கட்டியவர்

மல்லாங்கிணறு என்று ஓர் ஊர். விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. ஊரின் பெயரிலேயே கிணறு இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் கிணறு வெட்டுவது லேசான காரியம் அல்ல. கொஞ்ச ஆழம் போனதும் பாறை வரும். வெடி வைக்க வேண்டும். கையில் உள்ள பணம் கரையும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும், வெட்டத் தொடங்கியவன் விடமாட்டான். தண்ணீர் வந்துவிட்டால், அவன் பேரன் பேத்திகளுக்கும் அது உதவும் அல்லவா?

படிப்பிலும் இப்படிக் கிணறு வெட்டியவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர், பேராசிரியர் டான் யுன் ஷான்.

அவர் சீனர். ஆனால், தன் வாழ்நாளில் பெரும் பகுதியை இந்தியாவில் கழித்தார். நம் நாட்டில் சீனப் படிப்புக்கு என்று ஒரு தனி வீட்டை உண்டாக்கி, அதைப் பல ஆண்டுகள் கட்டிக் காத்தார்.

தாகூரின் அழைப்பு

சீனாவில் ஹூனான் என்ற மாகாணம் இருக்கிறது. அங்கே 1898-ம் ஆண்டு டான் யுன் ஷான் பிறந்தார். சாங்ஷா நகரில், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தார். பின்னாளில் சீனாவின் தலைவரான மாசேதுங்கும் அதே பள்ளியில் படித்தவர்தான். இருவருக்கும் பழக்கம் உண்டு.

படிப்பு முடிந்ததும் டான், மலேயாவுக்குப் போனார். அங்குள்ள சீனப் பள்ளிகளில் ஆசிரியராக வேலை பார்த்தார்.

1927-ம் ஆண்டு மகாகவி தாகூர் சிங்கப்பூருக்கு வந்தார். டான் அவரைப் போய்ப் பார்த்தார். அந்தச் சந்திப்புதான் அவருடைய வாழ்க்கையையே மாற்றியது.

வங்காளத்தில் சாந்திநிகேதன் என்ற இடத்தில், 1921-ம் ஆண்டு தாகூர் "விசுவபாரதி"யைத் தொடங்கியிருந்தார். உலகத்துக் கலைகள் எல்லாம் அங்கே கூட வேண்டும் என்பது அவர் ஆசை. பிரான்சு நாட்டுப் பேராசிரியர் சில்வேன் லெவி அங்கு வந்து சீனப் படிப்பைத் தொடங்கி வைத்தார். ஆனால், அவர் ஊர் திரும்பிய பிறகு, அங்கேயே தங்கிச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

தாகூர் அழைத்தார். டான் வந்தார். 1928-ம் ஆண்டு சாந்திநிகேதனில் அவர் கால் வைத்தபோது, அவருக்கு 30 வயது நிறையவில்லை.

நமக்கு எதற்குச் சீன மொழி?

இந்தியர்களுக்குச் சீன மொழி எதற்கு என்று சிலர் கேட்கலாம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. முற்காலத்தில் புத்த பிட்சுகள் இங்கிருந்து ஏராளமான நூல்களைச் சீனாவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே அவை சீன மொழியில் பெயர்க்கப்பட்டன. காலப்போக்கில், இந்தியாவில் இருந்த மூல நூல்கள் பல அழிந்து போயின. சீன மொழிபெயர்ப்பு மட்டும் மிஞ்சியது.

நமது காஞ்சீபுரத்தைப் பற்றி 7-ம் நூற்றாண்டில் எழுதி வைத்தவரும் யுவான் சுவாங் என்ற சீன யாத்திரிகர்தான்.

ஆகவே, நம்முடைய பழைய கதையை நாம் அறியவே சீன மொழி தேவைப்பட்டது.

திபெத்தில் இருந்து கடிதம்

டான் வந்தபோது மாணவர்கள் சிலரே இருந்தனர். தனிக் கட்டிடம் இல்லை. போதுமான புத்தகம் இல்லை. அவர் சீன மொழியைச் சொல்லிக் கொடுத்தார். தான் சமஸ்கிருதம் கற்றுக்கொண்டார்.

பிறகு திபெத்துக்குப் போனார். அப்போதிருந்த தலாய் லாமா, காந்திஜிக்கு எழுதிய கடிதத்தை வாங்கி வந்து, 1931-ம் ஆண்டு காந்திஜியிடம் கொடுத்தார்.

அடுத்து சீனாவுக்குப் போய், கட்டிடத்துக்கும் நூல் நிலையத்துக்கும் உதவி திரட்டினார். பணம் வந்தது. புத்தகங்களும் வந்தன.

1937-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி "சீன பவனம்" திறக்கப்பட்டது. விழாவுக்கு நேரு தலைமை தாங்குவதாக இருந்தது. உடல்நலக் குறைவால் அவர் வர இயலவில்லை. அவருடைய மகள் இந்திரா வந்து, தந்தையின் செய்தியைப் படித்தார்.

பவனத்தின் தலைவர் பொறுப்பு டானுக்குக் கிடைத்தது. அங்கே பல அறிஞர்கள் உழைத்தார்கள். தென்னாட்டு அறிஞர் ஐயாசுவாமி சாஸ்திரி அவர்களில் ஒருவர். சீன மொழியில் மட்டுமே மிஞ்சியிருந்த புத்த நூல்களை, அவர் மீண்டும் சமஸ்கிருதத்தில் ஆக்கினார்.

பாறை வந்தது

கிணற்றில் பாறை வருவதுபோல, டானின் வாழ்விலும் சோதனை வந்தது.

1941-ம் ஆண்டு தாகூர் மறைந்தார். 1949-ம் ஆண்டு சீனாவில் ஆட்சி மாறியது. சீன பவனத்துக்கு உதவியது பழைய ஆட்சி. புதிய ஆட்சிக்குத் தலைவரோ, டானின் இளமைக் கால நண்பர்! டான் எந்தப் பக்கமும் சாயாமல், தன் வேலையைப் பார்த்தார்.

பெரிய சோதனை 1962-ம் ஆண்டு வந்தது. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் சண்டை மூண்டது. இந்தியாவில் வாழ்ந்த சீன வம்சாவளியினர் பலரைப் பிடித்து, ராஜஸ்தானில் உள்ள தியோலி முகாமில் அடைத்தார்கள்.

பிறந்த நாடும் வாழ வந்த நாடும் மோதுகின்றன. நடுவில் நிற்கும் மனிதரின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

அந்த ஆண்டுக் கடைசியில், சாந்திநிகேதன் பட்டமளிப்பு விழாவுக்குப் பிரதமர் நேரு வந்தார். சீன மக்களோடும் அவர்கள் கலாசாரத்தோடும் நமக்குப் பகை இல்லை என்று அவர் எடுத்துச் சொன்னார். அதைக் கேட்டு டான் கண்ணீர் விட்டார். இதை அவருடைய மகன் டான் சுங் எழுதியிருக்கிறார்.

சீன பவனம் மூடப்படவில்லை. டானும் இந்தியாவை விட்டுப் போகவில்லை.

குடும்பமும் வேர் விட்டது

டானின் மனைவி செய்ன் நாய் வெய்யும் ஆசிரியைதான். குடும்பம் சாந்திநிகேதனிலேயே வேர் விட்டது.

மகன் டான் சுங், டெல்லியில் சீனப் படிப்பை வளர்த்தார். 2010-ம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் "பத்மபூஷண்" விருது கொடுத்தது. மகள் சமேலி ஓவியர். அவர் மணந்தது, கேரளத்தில் பிறந்த ஓவியர் ஏ. ராமச்சந்திரனை.

டான் முதுமையில் புத்தகயாவுக்குப் போய், உலக பௌத்தக் கழகம் ஒன்றை அமைக்கப் பாடுபட்டார். 1979-ம் ஆண்டு விசுவபாரதி அவருக்குத் "தேசிகோத்தமர்" என்ற உயர்ந்த பட்டத்தை அளித்தது. 1983-ம் ஆண்டு புத்தகயாவில் அவர் காலமானார்.

ஊறும் தண்ணீர்

இன்று சீன பவனத்தின் அருகே, ஜப்பானியப் படிப்புக்கு "நிப்பான் பவனம்" இருக்கிறது. டெல்லி நேரு பல்கலைக் கழகத்தில் சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றும் சொல்லித் தருகிறார்கள். சென்னையிலும் கொரிய மொழி கற்கலாம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியர்களின் கார் தொழிற்சாலை இருப்பதால், அந்த மொழி நம் பிள்ளைகளுக்கு வேலைக்கும் உதவுகிறது.

இப்படிப்பட்ட படிப்பை நடத்துகிறவர்களின் பெயர் அதிகமாக வெளியே தெரிவதில்லை. மாணவர் குறையும்போதும், நாடுகள் சண்டை போடும்போதும், வகுப்பறைக் கதவைத் திறந்து வைப்பதே அவர்கள் செய்யும் தொண்டு.

மல்லாங்கிணற்றுப் பக்கத்துப் பெண் ஒருத்தி நாளை சீனமோ கொரியமோ படிக்க விரும்பினால், அவளுக்கு வழி இருக்கிறது. அந்த வழியில் முதலில் மண்வெட்டி போட்டவர்களில் ஒருவர், பேராசிரியர் டான் யுன் ஷான்.