ஆல்பர்ட் சேபின்

ஆல்பர்ட் புரூசு சேபின் (ஆகஸ்ட் 26, 1906 - மார்ச் 3, 1993) போலியோ எனப்படும் இளம்பிள்ளை வாதத்திற்கு எதிரான சொட்டு மருந்தை உருவாக்கிய அமெரிக்க மருத்துவ அறிவியலாளர் ஆவார்.

வாழ்க்கைக் குறிப்பு

அன்றைய உருசியப் பேரரசில் அடங்கியிருந்ததும் தற்போது போலந்தில் உள்ளதுமான பியாவிசுடோக் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். 1921இல் குடும்பத்துடன் ஐக்கிய அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தார். 1931இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1939 முதல் சின்சினாட்டி நகரில் ஆய்வு மேற்கொண்டார்.

சொட்டு மருந்து

போலியோ வைரசு மூக்கின் வழியாக நரம்பு மண்டலத்தை அடைவதாக அக்காலத்தில் நம்பப்பட்டது. நோயால் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்த சேபின், அது உணவுப்பாதையில் காணப்படுவதை 1941இல் எடுத்துக்காட்டினார். 1955இல் பயன்பாட்டிற்கு வந்த யோனாசு சால்க்கின் ஊசி மருந்து, செயலிழக்கச் செய்யப்பட்ட வைரசால் ஆனது. அது வாதத்தைத் தடுத்தாலும், குடலில் வைரசு பெருகுவதைப் போதிய அளவு தடுப்பதில்லை. வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரசைக் கொண்ட சேபினின் மருந்து குடலிலேயே எதிர்ப்பாற்றலை உண்டாக்கியது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறி ஏதும் தோன்றாது என்பதால், நோயை அறியாமலேயே எல்லை கடந்து பரப்புவதைத் தடுக்க இப்பண்பு இன்றியமையாததாயிற்று.

சோவியத் சோதனைகள்

ஐக்கிய அமெரிக்காவில் சால்க்கின் மருந்து பரவலாக வழங்கப்பட்டுவிட்டதால், அங்குப் பெருமளவில் சோதனை நடத்த இயலவில்லை. பனிப்போர்க் காலமாக இருந்தபோதிலும், சேபின் தம் வைரசு வகைகளைச் சோவியத் ஒன்றியத்திற்கு அளித்தார். மிக்கைல் சுமாக்கோவ் முதலியோர் 1959இல் ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்கு அம்மருந்தை வழங்கினர். இதன் வெற்றிக்குப் பின்னரே, 1961-62இல் ஐக்கிய அமெரிக்காவில் அதற்கு உரிமம் கிடைத்தது. சேபின் இதற்குக் காப்புரிமை பெறவில்லை.

நோய்க் கண்காணிப்பு

1980இல் பிரேசிலில் ஆலோசகராக இருந்தபோது, அரசின் போலியோ கணக்குகளின் நம்பகத்தன்மை குறித்துக் கருத்து வேறுபாடு கொண்டு விலகினார். உலகளாவிய ஒழிப்புத் திட்டம் 1988இல் தொடங்கியது. இதன்படி, 15 வயதிற்குட்பட்டோருக்குத் திடீரெனக் கை கால் தளர்ந்தால் மலம் சோதிக்கப்படுகிறது, கழிவுநீரும் ஆராயப்படுகிறது. வைரசின் மரபணு வரிசையை ஒப்பிட்டு, அது எந்நாட்டிலிருந்து வந்தது என்பதை அறியலாம். எல்லை கடந்த பரவலை, மே 2014இல் உலக சுகாதார நிறுவனம் பன்னாட்டு நெருக்கடிநிலையாக அறிவித்தது. பாதிக்கப்பட்ட நாடுகளிலிருந்து பயணம் செய்வோருக்குத் தடுப்பு மருந்து பரிந்துரைக்கப்பட்டது.

குறைபாடு

தடுப்பு மருந்து பலருக்குக் கிடைக்காத பகுதிகளில், சேபினின் வைரசு தொடர்ந்து பரவி, மாற்றமடைந்து மீண்டும் வாதத்தை உண்டாக்கக்கூடும். இதனால் ஏப்ரல் 2016இல் இரண்டாம் வகை வைரசு வழக்கமான சொட்டு மருந்திலிருந்து நீக்கப்பட்டது.

மறைவு

சேபின் வாசிங்டனில் காலமானார். அவர் மறைந்த மறு ஆண்டில் அமெரிக்கக் கண்டங்கள் போலியோ அற்றவையாகச் சான்றளிக்கப்பட்டன. இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசிய வட்டாரம் மார்ச் 27, 2014 அன்று இச்சான்றைப் பெற்றது.