யன்னலைத் திறப்பதா, பூட்டுவதா?

சில வருடங்களுக்கு முன்னர் வன்னியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய முகாமைத்துவப் பயிற்சிப் பட்டறைக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். வந்திருந்தவர்களில் கணவரை இழந்த பெண்களே அதிகம். திரையில் ஒரு முக்கோணம். உச்சியில் தலைவர், அடியில் பயனாளிகள். வாழ்வாதார உதவியாகக் கோழிகள் தரப்படும் என்றார்கள். பின்வரிசையில் இருந்த அக்கா ஒருவர், தான் கேட்டது கோழியல்ல, கிணறு என்றார். அதை அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று பயிற்றுநர் கடந்து போனார்.

மேரி பார்க்கர் ஃபொலெட்டைப் பற்றி வாசித்தபோது அந்த அக்காதான் நினைவுக்கு வந்தார்.

ஃபொலெட் 1868 இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில், குவின்சி என்ற ஊரில் பிறந்தவர். ஹாவர்ட் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்காத காலம் அது. பக்கத்திலிருந்த ரட்கிளிஃப் பெண்கள் கல்லூரியில் படித்து 1898 இல் பட்டம் பெற்றார். அதற்கு இரண்டு வருடம் முன்னரே, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் பதவி பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டிருந்தார்.

அவர் முகாமைத்துவத்தைக் கற்றது வணிகக் கல்லூரியில் அல்ல, பொஸ்டனின் ரொக்ஸ்பெரிப் பகுதியில். மாலையில் பூட்டிக்கிடந்த பாடசாலைகளைத் திறந்து, அயலவர்கள் கூடிப் பேசவும் படிக்கவும் இடம் தரவேண்டும் என்று பாடுபட்டார். 1911 இல் கிழக்கு பொஸ்டன் உயர்நிலைப் பாடசாலையில் அப்படியொரு நிலையம் திறந்தது. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையங்களில் பேப்பர் வாசித்து வளர்ந்த எனக்கு இதில் புதுமை தெரியவில்லை, நெருக்கம்தான் தெரிந்தது.

1925 இல் நியூயோர்க்கில் தொழில் நிறுவன நிர்வாகிகளுக்கு விரிவுரை நிகழ்த்தினார். முரண்பாட்டை முடிக்க மூன்று வழிகள் உண்டு என்றார்: ஒருவர் மற்றவரை அடக்குவது, இருவரும் கொஞ்சம் கொஞ்சம் இழப்பது, இருவரது தேவையும் நிறைவேறும் வழியைச் சேர்ந்து கண்டுபிடிப்பது. நூலகத்தில் ஒருவருக்கு யன்னல் திறந்திருக்க வேண்டும். தனக்கோ நேரே காற்றடிக்கக் கூடாது. ஆளில்லாத பக்கத்து அறையின் யன்னலைத் திறந்தார்கள், விடயம் முடிந்தது.

எனக்குப் பிடித்தது பால் கூட்டுறவுக் கதை. மேட்டிலிருந்து இறங்கி வருபவர்கள் முதலில் பால் கான்களை இறக்குவதா, கீழிருந்து ஏறி வருபவர்களா என்ற சண்டையில் சங்கமே உடையப் பார்த்தது. இறக்கும் மேடையின் இடத்தை மாற்றியதும் இரு பகுதியினரும் ஒரே நேரத்தில் இறக்க முடிந்தது. யார் முதலில் என்று கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் மேடை எவர் கண்ணிலும் படவில்லை.

மற்றவர்மேல் செலுத்தும் அதிகாரம் வேறு, மற்றவரோடு சேர்ந்து வளர்க்கும் அதிகாரம் வேறு என்பது அவரது முக்கியமான கருத்து. முகாமைத்துவம் ஒரு தொழிற்றுறையாக வேண்டுமானால் நிர்வாகிகள் தங்கள் அனுபவங்களை முறையாகப் பதிந்து, ஒப்பிட்டு, ஆராய்ந்து பகிரவேண்டும் என்றும் வலியுறுத்தினார். முகாமைத்துவக் கல்வி எங்கே போகவேண்டும் என்று இன்று கேட்பவர்கள் அந்த விரிவுரைகளிலிருந்து தொடங்கலாம்.

எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. ஒரு தரப்பு மேசைக்கு வரவே மறுக்கும்போது யன்னல் கதை எவ்வளவு தூரம் உதவும்? எல்லா முரண்பாட்டையும் இப்படித் தீர்க்க முடியாது என்பதை ஃபொலெட்டே ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆனாலும் அவரது உதாரணங்களில் இருப்பவர்கள் ஏறக்குறைய சமபலம் உள்ளவர்கள். காணிக்காக வருடக்கணக்கில் வீதியோரம் இருந்தவர்கள் அந்த இடத்தில் நிற்கவில்லை.

1933 டிசம்பரில் பொஸ்டனில் காலமானார். அவரது விரிவுரைகள் 1941 இல் நூலாக வந்தும், அமெரிக்கா அவரைப் பெரும்பாலும் மறந்தேவிட்டது. 1995 இல் அவரது எழுத்துகள் மீண்டும் தொகுக்கப்பட்டன. வெளியிட்டது ஹாவர்ட் வணிகக் கல்லூரியின் பதிப்பகம்.

அந்த அக்காவைப் போன வருடம் பார்த்தேன். கோழிகள் நோய் வந்து செத்துவிட்டனவாம். கிணற்றுக்கு இன்னும் விண்ணப்பம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.