இலங்கைக்குப் பாதை போட்டவர்: மேஜர் தோமஸ் ஸ்கின்னர்

1818 ஆம் ஆண்டு திருகோணமலைத் துறைமுகத்தில் 14 வயதுச் சிறுவர் ஒருவர் கப்பலால் வந்திறங்கினார். தகப்பனார் அங்கே பிரித்தானியப் பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்தார். மகனை இங்கிலாந்துப் பாடசாலையிலிருந்து நிறுத்தித் தன்னோடு கூப்பிட்டுக்கொண்டார். இன்றைய கணக்கில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. அதன்பிறகு அவர் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை, பொறியியலை எந்த ஆசிரியரிடமும் கற்கவுமில்லை. ஆனாலும் 1867 இல் இலங்கையை விட்டுப் போகும்போது இந்த நாட்டில் சுமார் 3000 மைல் பாதைகள் இருந்தன. அவற்றிற் பெரும்பகுதி அவருடைய மேற்பார்வையில் உருவானது. அவர்தான் மேஜர் தோமஸ் ஸ்கின்னர்.

இன்று கனடாவோடு சேர்ந்திருக்கும் நியூபவுண்ட்லாந்துத் தீவின் சென் ஜோன்ஸ் நகரில் 1804 மே மாதம் அவர் பிறந்தார். பரம்பரையாக இராணுவக் குடும்பம். கோட்டையும் அரணும் கட்டும் பொறியியற் படையினரும் அந்தக் குடும்பத்தில் இருந்திருக்கிறார்கள். எனினும் ஸ்கின்னர் சேர்ந்தது பொறியியற் படையில் அல்ல. 1819 இல், 15 வயதில், இலங்கைப் படையணியில் இளநிலை அதிகாரியானார். பின்னாளில் இலங்கை றைபிள் படை என்று பெயர் பெற்ற அந்தப் படையணியில் மலாய் முஸ்லிம்களே பெருந்தொகையாக இருந்தார்கள். இலங்கை மலாயர் வரலாற்றைப் படிப்பவர்கள் இந்தப் படையைத் தவிர்க்க முடியாது. அது 1873 இல் கலைக்கப்பட்டது.

அந்த வயதுப் பையனுக்கு அளவான சீருடை படையில் இருக்கவில்லை. சாதாரண உடுப்போடு அணிவகுப்பில் நின்றார் என்றும், சேர் எட்வேர்ட் பார்ன்ஸ் அவரை முதன்முதலாகக் கவனித்தது அப்போதுதான் என்றும் சொல்வார்கள். வரலாற்றுப் பாடத்தில் நாம் படிக்கும் அதே பார்ன்ஸ்தான். 1820 இல் பதில் ஆளுநராகவும் 1824 முதல் 1831 வரை ஆளுநராகவும் இருந்தவர்.

அந்தக் காலத்து நாட்டின் நிலைமையைச் சொன்னால்தான் அடுத்தது விளங்கும். 1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. 1817, 1818 இல் ஊவா, வெல்லஸ்ஸைப் பகுதிகளில் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சியை அடக்கப் போன படையினரிற் பலர் காய்ச்சலாலும் களைப்பாலும் இறந்தார்கள். கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டி போகும் வழியே கிடையாது. மனிதரும் பொதிமாடுகளும் ஒற்றையடிப் பாதைகளால்தான் போய்வந்தார்கள். உப்பும் கருவாடும் துணியும் மலைநாட்டுக்கு ஏறியதும், பாக்கு இறங்கியதும் மாட்டின் முதுகில்தான். இதைத் தவளம் என்பார்கள். கண்டி மன்னர்களின் ஆட்சியில் இந்தத் தவளப் போக்குவரத்தைப் பெரும்பாலும் முஸ்லிம்களே நடத்தினார்கள். அதற்கென அரசில் ஒரு தனிப்பகுதியே இருந்தது. பாதைகள் வந்ததும் மாட்டுவண்டிகள் வந்தன, பொதிமாடு மெல்ல மறைந்தது. எங்கள் சமூகத்தின் ஒரு பழைய தொழில் அப்படித்தான் மாறிப்போனது.

கண்டியைக் கைக்குள் வைத்திருக்கப் படையை விடப் பாதையே தேவை என்று பார்ன்ஸ் கருதினார். ஆகவே இந்த நாட்டின் முதற் பெரும் பாதைகள் மக்கள் வசதிக்காகப் போடப்பட்டவை அல்ல. படை விரைவாகப் போய்ச் சேரப் போடப்பட்டவை. கொழும்பு–கண்டிப் பாதை வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் கப்டன் டோசன் என்ற பொறியியற் படை அதிகாரி. ஆனால் படித்த பொறியியலாளர்கள் போதாது. எனவே 1820 இல், கடுகண்ணாவைப் பக்கத்து வேலையின் ஒரு பகுதியை 16 வயது ஸ்கின்னரிடம் பார்ன்ஸ் ஒப்படைத்தார். கூடக் கொடுக்கப்பட்டவர்கள் அயற் கிராமத்தவர் சுமார் 200 பேர். அவர்களும் முன்பு பாதை போட்டவர்களல்லர்.

மலையில் பாதை போடுவது என்ன கடினம் என்று யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எங்களுக்கு விளங்காது. எங்கள் மண் தட்டையானது. பனங்காணிக்கு நடுவே கயிறு பிடித்தாற்போல் வீதியை இழுத்துவிடலாம். மலையில் முதல் வேலை பாதையின் கோட்டைக் குறிப்பது. சரிவு கூடினால் வண்டில் மாடு ஏறாது. சரிவைக் குறைத்தால் பாதை வளைந்து வளைந்து நீண்டுவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு பிடித்து, மலையின் இடுப்பைச் சுற்றிக் கோடு போட்டு, மேற்பக்கத்தை வெட்டிக் கீழ்ப்பக்கத்தை நிரப்ப வேண்டும். அதைவிடப் பெரிய பகை மழைத் தண்ணீர். மலைப்பக்கம் வாய்க்கால் வெட்டி, இடையிடையே மதகு வைத்து, தண்ணீரைப் பாதைக்குக் கீழால் கடத்தாவிட்டால் ஒரு பருவ மழையில் எல்லாம் பள்ளத்தில் கிடக்கும். இவற்றையெல்லாம் ஸ்கின்னர் செய்து பார்த்து, பிழைத்து, திரும்பச் செய்துதான் கற்றார். விடியுமுன் எழும்பி வேலையாட்களோடு காட்டுக்குள் போய்விடுவாராம். பார்வையிட வந்த பார்ன்ஸுக்கு வேலை திருப்தியாக இருந்தது. அதற்குப் பிறகு ஸ்கின்னர் படைமுகாமுக்குத் திரும்பவே இல்லை என்று சொல்லலாம். வாழ்க்கை பாதையோடு போய்விட்டது.

அவர் கெட்டிக்காரர் என்பது உண்மை. ஆனால் அந்த 200 பேருக்குக் கூலி இல்லை. அவர்கள் இராஜகாரிய முறையில் பிடிக்கப்பட்டவர்கள். மன்னர் காலத்தில் காணி அனுபவிப்பதற்குப் பதிலாகச் செய்த கட்டாய ஊழியத்தைப் பிரித்தானியர் தங்கள் பாதை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வயலில் வேலை இருக்கும் நாளிலும் கல்லுடைக்கப் போக வேண்டும். வரலாற்றில் அவர்களில் ஒருவருடைய பெயரும் இல்லை. 1829 இல் இறந்த டோசனுக்குக் கடுகண்ணாவையில் எழுப்பிய உயரமான கோபுரம் இன்றும் நிற்கிறது. கண்டிக்குச் சுற்றுலா போனவர்கள் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள். அந்தக் கோபுரத்தைக் கடக்கும்போது பெயரில்லாத அந்தக் கிராமத்தவரையும் நினைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

பாதையோடு நிலஅளவையும் சேர்ந்துகொண்டது. மலைநாட்டுக்குச் சரியான வரைபடம் இல்லாத காலம். தியோடலைற்று என்னும் கோணமானியைக் கையாளவும், மூன்று உச்சிகளை முக்கோணமாக இணைத்துத் தூரம் கணிக்கவும் ஸ்கின்னர் தானாகவே பழகினார். இதற்காக ஆளேறாத மலையுச்சிகளில் மரம் வெட்டி இடம் துப்புரவாக்கி, மேகம் விலகும்வரை நாட்கணக்காகக் குளிரில் காத்திருந்தார். சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த காட்டுக்குள்ளும் போனார். அவருடைய அளவைகளைக் கொண்டே பின்னர் ஜெனரல் பிறேசரின் பெயரில் இலங்கை வரைபடம் வெளிவந்தது. பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே, ஓர் ஆணிகூட அறையாமல், 205 அடி நீளமான ஒற்றை வளைவாக முதிரை மரப் பாலம் அமைத்தவரும் இந்தப் பிறேசர்தான்.

நுவரகலாவியாவில் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். கடும் வரட்சிக் காலம், நிலவு இரவு. வற்றிக்கொண்டிருந்த ஒரு குளக்கரையில் ஸ்கின்னர் மரத்தில் ஏறிக் காத்திருந்தார். முதலில் பெரிய யானை ஒன்று மட்டும் வெளியே வந்தது. சில அடி வைக்கும், நிற்கும், காது கொடுக்கும். தண்ணீர் வரை வந்தும் குடிக்காமல் திரும்பிப் போய், ஐந்து யானைகளைக் கூட்டிவந்து காவலுக்கு நிறுத்தியது. பிறகுதான் காட்டுக்குள் சத்தமின்றி நின்ற கூட்டத்தை அழைத்து வந்தது. எண்பது, நூறு யானைகள் வரை இருக்கும். ஸ்கின்னர் சிறு கிளையொன்றை முறித்தார். அந்தச் சின்னச் சத்தத்துக்கே முழுக் கூட்டமும் காட்டுக்குள் மறைந்துவிட்டது. சேர் எமர்சன் டெனன்ற் இலங்கையைப் பற்றி எழுதியபோது ஸ்கின்னர் தெரிவித்த இந்தச் சம்பவத்தைச் சேர்த்துக்கொண்டார். வேட்டையையே வீரமாக நினைத்த காலத்தில் மரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி 1832 இல் இராஜகாரிய முறை ஒழிந்தது. இனிப் பாதை வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் சேர்க்க வேண்டும். அந்த இடத்தை நிரப்பியது பயனியர் படை. துவக்குக்குப் பதில் மண்வெட்டியும் அலவாங்கும் ஏந்திய படை என்று அதைச் சொல்லலாம். அதில் பெருந்தொகையினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள். இராணுவம் போலவே முகாம், அணி, வரிசை எல்லாம் உண்டு. 1841 இல் ஸ்கின்னர் பாதைகளுக்கான ஆணையாளரானபோது இவர்கள் ஆயிரக்கணக்கில் அவருக்குக் கீழே வந்தார்கள்.

அது கோப்பிக் காலம். தோட்டத்துக் கோப்பியைக் கொழும்புக்கு இறக்கப் பாதைக்கு மேல் பாதை கேட்டார்கள் துரைமார். வடக்கில், மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் வன்னிக் காட்டினூடாக மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்து இறந்தவர்கள் ஏராளம். யாழ்ப்பாணத்தாருக்கோ அந்நாளில் கடலே பெருவழி. பருத்தித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் தோணி ஏறினால்தான் கொழும்பு. யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் இடையிலே தரைவழி சீரானது பிற்பாடுதான். அதன் வாரிசுதான் இன்றைய ஏ-9. அது எங்களுக்கு எவ்வளவு பெறுமதி என்பதை மூடியிருந்த காலத்தைக் கண்டவர்களிடம் கேட்க வேண்டும். 1990 இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிப் புத்தளத்தில் இருபது வருடம் இருந்த என் உம்மம்மா, திரும்பி வந்தது இந்த வீதியால்தான். ஆனையிறவு தெரிந்ததும் பஸ்ஸில் அழுதவர்களைப் பற்றி இப்போதும் சொல்லுவா.

ஸ்கின்னரின் வாழ்க்கையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பாதை அல்ல, அவர் எழுதிய ஓர் அறிக்கை. 1848 இல் ஆளுநர் டொரிங்டன் பிரபு வீதிக் கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார். 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்தில் 6 நாள் பாதை வேலை செய்ய வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். ஒழிக்கப்பட்ட இராஜகாரியம் மறு வாசலால் வந்ததாகவே மக்கள் நினைத்தார்கள். வேறு வரிகளும் சேர்ந்துகொள்ள, அந்த ஜூலையில் மாத்தளைப் பக்கம் கிளர்ச்சி வெடித்தது. இது ஏன் நடந்தது என்று இலண்டன் பாராளுமன்றக் குழு ஆராய்ந்தபோது, 1849 இல், நாட்டு மக்களின் நிலை பற்றி ஸ்கின்னரும் ஓர் அறிக்கை கொடுத்தார்.

அவருக்கு மக்களைத் தெரியும். முப்பது வருடம் அவர்களுடைய கிராமங்களில் படுத்தெழும்பியவர். அரசாங்க அதிகாரிகள் மக்களிடமிருந்து தூரப் போய்விட்டார்கள், மக்களின் பாஷையும் வழக்கமும் தெரியாதவர்கள் ஆளுகிறார்கள் என்று குறை சொன்னார். எல்லாவற்றிலும் கடுமையாகச் சொன்னது சாராயத்தைப் பற்றி. அரசு சாராயக் குத்தகையை ஏலம் விட்டு வருமானம் எடுத்தது. குத்தகைக்காரர் கூடிய இலாபத்துக்காகத் தவறணைகளைத் திறந்துகொண்டே போனார்கள். தான் இளவயதில் கண்ட, குடி என்றால் என்னவென்றே அறியாத கிராமங்களில் இப்போது தவறணை நிற்கிறது என்றும், அரசின் கஜானாவுக்கு வரும் பணத்தைவிட மக்கள் இழக்கும் ஒழுக்கமும் சொத்தும் பெரிது என்றும் காட்டினார். சம்பளம் தரும் அரசையே குற்றம் சாட்டும் அறிக்கை அது.

தவறணைக்குச் சாராயப் பீப்பா ஏறிப்போனது எதனால்? பெரும்பாலும் அவர் போட்ட பாதையால்தான். அதை அவர் உணர்ந்தே எழுதினாரா என்று நான் ஊகிக்கத்தான் முடியும். ஆனால் ஒரு கிராமத்துக்குப் பாதை போகுமுன் எப்படி இருந்தது, போனபின் எப்படி ஆனது என்று இரண்டையும் கண்ணாலே கண்ட அதிகாரி அவரைப்போல் வேறொருவர் அன்று இருந்திருக்க மாட்டார். தன் வேலையின் பெருமையை மட்டும் பேசிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. குத்தகை முறை அதனால் நின்றுவிடவில்லை. தவறணைகள் இன்றைக்கும் வீதியோரம் இருக்கின்றன.

இராணுவத்தில் மேஜருக்கு மேல் அவருக்கு உயர்வு கிடைக்கவில்லை. பாதைக்குப் போனவர்களைப் படை மறந்துவிடும். 1867 இல், அரை நூற்றாண்டு சேவைக்குப் பிறகு, ஓய்வுபெற்றார். வடமாகாணத்தை நீண்டகாலம் ஆண்ட அரசாங்க அதிபர் டைக் கோப்பாயில் இறந்ததும் அதே வருடம்தான். ஸ்கின்னர் இங்கிலாந்தின் பாத் நகரில் 1877 ஜூலை 24 இல் காலமானார். டோசனுக்குப் போல அவருக்குக் கோபுரம் கட்டப்படவில்லை. கொழும்பில் ஸ்கின்னர்ஸ் வீதி என்று ஒன்று இருந்தது, அதற்கும் பிறகு வேறு பெயர் வைத்துவிட்டார்கள்.

வயதான காலத்தில் அவர் தன் இலங்கை வாழ்க்கையை எழுதி வைத்திருந்தார். அந்தத் தாள்களை ஒழுங்குபடுத்தி, அவர் இறந்து 14 வருடங்களுக்குப் பின், 1891 இல், இலங்கையில் ஐம்பது ஆண்டுகள் என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் அச்சிட்டு வெளியிட்டவர் அவருடைய மகள் அனி ஸ்கின்னர்.