சம்பளமில்லாப் பேராசிரியை

அணுக்கரு இயற்பியல் பாடத்தில் ஈயம்-208 திரும்பத் திரும்ப வருகிறது. எத்தனையோ தனிமங்கள் இருக்க, ஏன் ஈயம்? தேடிப் போனபோது எனக்கு அறிமுகமானவர் மரியா கோப்பர்ட் மேயர்.

1906இல் கட்டோவிட்ஸ் நகரில் பிறந்தார். அன்று அது ஜெர்மனி, இன்று போலந்து. கோட்டிங்கனில் மேக்ஸ் போர்னிடம் பயின்று 1930இல் முனைவரானார். அதே ஆண்டு அமெரிக்க வேதியியலாளர் ஜோசப் மேயரை மணந்து கடல் கடந்தார். அங்கே கணவருக்குப் பேராசிரியர் வேலை கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. குடும்பத்தில் இருவரை வேலைக்கு வைப்பதில்லை என்பது அக்காலப் பல்கலைக்கழக விதி. 1946இல் சிகாகோ சென்றபோதும் பேராசிரியர் பட்டம்தான் கிடைத்தது, சம்பளம் இல்லை. அருகிலிருந்த ஆர்கோன் ஆய்வுக்கூடம் பகுதிநேர வேலைக்கு ஊதியம் தந்தது. படிக்கும்போதே எனக்குக் கோபம் வந்தது. அவரோ கணக்கைத் தொடர்ந்தார்.

புரோட்டான் அல்லது நியூட்ரான் எண்ணிக்கை 2, 8, 20, 28, 50, 82, 126 ஆக இருந்தால் அந்த அணுக்கரு வழக்கத்தைவிட உறுதியாக இருக்கிறது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ஒருநாள் என்ரிக்கோ ஃபெர்மி, சுழற்சிக்கும் சுற்றுப்பாதைக்கும் பிணைப்பு இருக்குமோ என்று கேட்டார். பூட்டு திறந்துவிட்டது. மகளுக்கு அதை அவர் விளக்கிய விதம் அழகு: நடன அரங்கை வலம் வரும் ஜோடிகள் தாமும் சுழல்கிறார்கள், எந்தப் பக்கம் சுழல்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆற்றல் மாறுகிறது. 1949இல் விளக்கம் வெளியானது. ஜெர்மனியில் ஹான்ஸ் யென்சனும் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார்.

ஈயம்-208இல் புரோட்டான் 82, நியூட்ரான் 126. இரண்டுமே மாய எண்கள், அதனால் அணுக்கரு உருண்டையாக இருக்கிறது, கணக்கிடவும் வசதி. கூடுதலாக உள்ள 44 நியூட்ரான்களில் ஒரு பகுதி விளிம்பில் மெல்லிய தோல்போலப் படிகிறது. இரு துகள்களின் எண்ணிக்கை சமமாக இல்லாததற்கு அணுக்கரு கொடுக்கும் விலைதான் சமச்சீர் ஆற்றல். அடர்த்தி கூடும்போது அந்த விலை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைத் தோலின் தடிமன் காட்டிக்கொடுக்கும். 2021இல் அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வுக்கூடம் எலெக்ட்ரான்களை மோதவிட்டு அளந்தபோது கிடைத்தது சுமார் 0.28 ஃபெம்டோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோமீட்டர்! அதே ஆற்றல்தான் பல கிலோமீட்டர் அகல நியூட்ரான் விண்மீனின் பருமனையும் தீர்மானிக்க உதவுகிறது.

முழுச் சம்பளப் பேராசிரியர் பதவி மேயருக்கு 1960இல், சான் டியாகோவில் கிடைத்தது. வயது 53. 1963இல் யென்சன், விக்னர் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். மேரி கியூரிக்குப் பின் இயற்பியலில் அப்பரிசு பெற்ற இரண்டாவது பெண் அவர். உள்ளூர் நாளிதழ் தலைப்பில் அவர் பெயரைப் போடவில்லை. சான் டியாகோ தாய் ஒருவர் என்றே போட்டது.