சந்திரனில் பெயர் பதித்த விக்ரம் சாராபாய்

பூமிக்கு இயற்கை கொடுத்த துணைக்கோள் சந்திரன் ஒன்றுதான். மனிதன் செய்து அனுப்பிய செயற்கைக் கோள்களோ இன்று ஆயிரக்கணக்கில் பூமியைச் சுற்றுகின்றன. ஒரு காலத்தில் இது வெறும் கற்பனைக் கதை. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1879-ல் வெளியிட்ட நாவல் ஒன்றில், பீரங்கியிலிருந்து சுட்ட குண்டு கீழே விழாமல் பூமியைச் சுற்றத் தொடங்கிவிடும். அந்தக் கற்பனையை இந்தியக் கிராமத்தின் மண் சுவர் வீடு வரை கொண்டு வர வழி வகுத்தவர் டாக்டர் விக்ரம் சாராபாய்.

மில் அதிபரின் மகன்

1919 ஆகஸ்டு 12-ந் தேதி ஆமதாபாத்தில் பிறந்தார். தந்தை அம்பாலால் சாராபாய், காலிகோ மில்லின் அதிபர். அத்தை அனசூயாவோ தொழிலாளர் பக்கம் நின்றவர். 1918-ல் ஆமதாபாத் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, காந்திஜியுடன் சேர்ந்து சொந்தத் தம்பியையே எதிர்த்து நின்றார் அவர். செல்வமும் ஏழைகள் மீது அக்கறையும் ஒரே கூரையின் கீழ் இருந்த குடும்பம் அது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் படித்துக் கொண்டிருந்தபோது இரண்டாவது உலகப் போர் மூண்டது. தாயகம் திரும்பிய சாராபாய், பெங்களூரில் சர் சி.வி.ராமனிடம் மாணவராகச் சேர்ந்தார். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். பம்பாயில் பிறந்த ஹோமி பாபாவும் அப்போது அங்கேதான் இருந்தார்.

1942-ல் சென்னையைச் சேர்ந்த நடனக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். நேதாஜியின் படையில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை ஏற்ற கேப்டன் லட்சுமி, மிருணாளினியின் அக்காள். 1947-ல் டாக்டர் பட்டம் பெற்ற சாராபாய், அதே ஆண்டில் ஆமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார்.

பம்பாயில் ஒரு நேர்முகத் தேர்வு

1957 அக்டோபர் 4-ந் தேதி ரஷியா 'ஸ்புட்னிக்' என்ற முதல் செயற்கைக் கோளை விட்டது. உலகமே அண்ணாந்து பார்த்தது. அணுசக்தித் துறையின் தலைவராக இருந்த பாபா, 1962-ல் அமைத்த விண்வெளி ஆராய்ச்சிக் குழுவுக்கு சாராபாயைத் தலைவராக்கினார்.

அந்தக் குழுவுக்கு ராக்கெட் என்ஜினீயர்களைத் தேர்ந்தெடுக்க பம்பாயில் நேர்முகத் தேர்வு நடந்தது. வேலை தேடி இந்த நகரத்துக்கு வந்த எத்தனையோ தமிழ் இளைஞர்களைப் போல, ராமேசுவரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவரும் அதற்கு வந்தார். கேள்வி கேட்டவர்களில் ஒருவர் சாராபாய். மறுநாள் மாலையே அந்த இளைஞருக்கு வேலை உறுதியாயிற்று. அவர்தான் அப்துல் கலாம்.

பூமியின் காந்த நடுக்கோடு செல்லும் பகுதி என்பதால், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற மீனவர் கிராமம் ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கடலை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் வீடு வாசலை விட்டு வேறிடம் போயின. அங்கிருந்த கிறிஸ்தவக் கோவிலே அலுவலகம் ஆயிற்று. ராக்கெட் பாகங்கள் சைக்கிளில் வந்தன. 1963 நவம்பர் 21-ந் தேதி அமெரிக்கா கொடுத்த சிறிய ராக்கெட் ஒன்று அங்கிருந்து சீறிக் கிளம்பியது.

ஏழை நாட்டுக்கு ஏன்?

1966 ஜனவரி 24-ந் தேதி விமான விபத்தில் பாபா மாண்டார். அணுசக்திக் கமிஷன் தலைவர் பதவி சாராபாய் தலையில் விழுந்தது. செம்பூரை அடுத்த டிராம்பே அணு நிலையம், தும்பா, ஆமதாபாத் என்று ஓய்வின்றிப் பறந்தார்.

மழை பொய்த்து, அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் அது. ரேஷன் கடையில் வரிசையில் நிற்கும் நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சாராபாய் அதைத் தட்டிக் கழிக்கவில்லை. சந்திரனுக்கு ஆள் அனுப்பப் பணக்கார நாடுகளோடு போட்டி போடுவது நம் வேலை அல்ல, மக்களின் கஷ்டம் தீர விஞ்ஞானம் உதவ வேண்டும் என்பதே அவருடைய கொள்கை.

சந்திரன் பூமியை ஒரு முறை சுற்ற 27 நாட்களுக்கு மேல் ஆகும். சுமார் 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே உள்ள செயற்கைக் கோள், பூமி தன்னைத் தானே சுற்றும் அதே நேரத்தில் ஒரு சுற்று முடிக்கும். அதனால் ஒரே இடத்தில் தொங்கும் விளக்குப் போல நிற்கும். இதை வைத்து உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945-லேயே எழுதியவர் விஞ்ஞானக் கதாசிரியர் ஆர்தர் கிளார்க். நாடெங்கும் டெலிவிஷன் கோபுரங்கள் எழுப்பப் பல காலம் பிடிக்கும். ஒரே கோள் அத்தனை கிராமங்களுக்கும் போதும் என்று சாராபாய் வாதாடினார்.

1969 ஜூலையில் அமெரிக்கர்கள் சந்திரனில் இறங்கினார்கள். ஒரு மாதம் முடிவதற்குள், ஆகஸ்டு 15-ந் தேதி 'இஸ்ரோ' பிறந்தது. கிராமங்களுக்குப் பாடம் ஒளிபரப்ப அமெரிக்கக் கோளைக் கடன் வாங்கும் ஒப்பந்தமும் அதே ஆண்டு செப்டம்பரில் கையெழுத்தாயிற்று.

காணாமல் போன கனவு

அதன் பலனைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1971 டிசம்பர் 30-ந் தேதி கோவளத்தில் காலமானார். வயது 52. அவரைச் சந்திக்க விமானத்தில் வந்த கலாமுக்கு, திருவனந்தபுரத்தில் இறங்கியதும் துயரச் செய்திதான் கிடைத்தது.

1975 ஏப்ரல் 19-ந் தேதி 'ஆரியபட்டா' ரஷிய ராக்கெட்டில் ஏறிச் சென்றது. அதே ஆகஸ்டு முதல் ஓராண்டு, 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில், கம்பி வலையால் செய்த ஆண்டெனா மூலம் விவசாயமும் சுகாதாரமும் டெலிவிஷனில் தெரிந்தன. கொழும்பில் வசித்த கிளார்க்கின் வீட்டு மாடியிலும் இஸ்ரோ ஒரு ஆண்டெனாவை வைத்தது. கதை எழுதியவரே அது நனவானதைக் கண்டார். 1980-ல் கலாம் குழுவினர் சொந்த ராக்கெட்டிலேயே 'ரோகிணி'யை ஏற்றினார்கள்.

சந்திரனுக்குப் போட்டி வேண்டாம் என்றவரின் பெயர், இன்று சந்திரனில்தான் இருக்கிறது. அங்குள்ள பள்ளம் ஒன்றுக்கு அவர் பெயர். 'விக்ரம்' என்று பெயரிட்ட கலம் 2019-ல் இறங்கும்போது நொறுங்கியது. 2023 ஆகஸ்டு 23-ந் தேதி மற்றொரு 'விக்ரம்' தென் துருவத்தருகே பத்திரமாக இறங்கியது. அந்தத் திட்டத்தின் இயக்குனர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரெயில்வே ஊழியரின் மகன்.

ஆனால் சாராபாயின் உண்மையான ஞாபகச் சின்னம் அத்தனை தூரத்தில் இல்லை. நம் ஊர்க் கடற்கரையில் புயல் வருவதை முன்கூட்டியே அறிந்து, மீனவர் ஒருவர் படகைக் கரையேற்றுகிறாரே, அங்கே இருக்கிறது.